பழைய டிரக்கில் ஷாஃப்ட் அதிர்வு: வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் சீட்டும் தரையும் அதிர ஆரம்பித்தால் உடனே சாமான் வாங்க ஓடாதீர்கள். முதலில் காலியான நேர் சாலையில் அதே வேகத்துக்குக் கொண்டுபோய், ஆக்சிலேட்டரை விட்டு நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் இறங்கிய பிறகும் அதிர்வு அப்படியே இருந்தால் எஞ்சினை விட்டுவிடலாம். கோளாறு சக்கரத்திலோ, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலோ, பின் அச்சின் பற்சக்கரங்கள் இருக்கும் ஹவுசிங்கிலோதான். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல்தான் பலர் நல்ல டயரை மாற்றுகிறார்கள்.

ஹவுசிங் விகிதம் 4.10 என்றால் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் ஓடிவிடும். அதனால் சக்கரத்தின் ஆட்டம் நிதானமாகக் குலுக்கும், ஷாஃப்டின் அதிர்வு பொடிப்பொடியாக, ஒரு ரீங்காரத்தோடு வரும்.

சரி, இனி அடியில் போகலாம். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின் ஹவுசிங்குக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் போடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் உள்ளே போகாதீர்கள். இன்னொன்று, ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியரிலோ பார்க்கிலோ போட்டிருந்தாலும் வண்டி நிற்காது, உருண்டுவிடும்.

ஒரு கையால் ஷாஃப்டையும் மறு கையால் அதன் முனையோடு சேரும் கவை போன்ற யோக்கையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள், மேலும் கீழும் அசையுங்கள். இரண்டையும் இணைக்கும் கூட்டல்குறி வடிவக் கிராஸில் கொஞ்சம்கூட பிளே (தளர்வு) இருக்கக் கூடாது. கிராஸின் தண்டு முனைகளை மூடும் கப்பின் ஓரத்தில் செம்மண் மாதிரி துருப்பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஒரு கப்பை நான் கழற்றியபோது உள்ளே இருக்கும் ஊசி போன்ற பேரிங் உருளைகளில் பாதி பொடியாகியிருந்தன, கிராஸின் தண்டில் நகத்தை ஓட்டினால் வரிவரியாகத் தட்டியது. ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் இருந்தால் அதன் ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஷாஃப்டில் காய்ந்த சேறோ நசுங்கலோ இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கழற்றும் முன் பெயிண்டால் அடையாளம் போடுங்கள், போல்ட் போடும் தட்டான பிளாஞ்சில் ஒன்று, ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் பல்வரியான ஸ்ப்ளைன் நகரும் இடத்தில் ஒன்று. நான் ஒருமுறை ஸ்ப்ளைனில் அடையாளம் போடாமல் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன், அதிர்வு முன்பைவிட மோசமாகி இரண்டு நாள் வீணானது. ஷாஃப்ட் சாய்வாகச் சுற்றும்போது கிராஸ் அதை ஒரு சுற்றில் இரண்டு முறை வேகமாக்கி, இரண்டு முறை மெதுவாக்கும். மறுமுனைக் கிராஸ்தான் அதைச் சமன்செய்கிறது. அதற்கு ஷாஃப்டின் இரண்டு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும்.

புது கிராஸை வைஸில் வைத்து அழுத்தும்போது கடைசி ஒரு மில்லிமீட்டர் போகாமல் நின்று, கப்பை வெளியே வராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் உட்காரவில்லையா? சுத்தியலை எடுக்காதீர்கள், கப்பை வெளியே எடுங்கள். ஒரு ஊசி சரிந்து அடியில் படுத்திருக்கும். எல்லாம் மாட்டியதும் கிராஸ் நாலு பக்கமும் கையால் சுலபமாகத் திரும்ப வேண்டும், இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் லேசாகத் தட்டினால் விடும். அப்புறம் நாலு சீலிலும் எட்டிப் பார்க்கும் வரை கிரீஸ் அடியுங்கள்.

பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாற்றிய பிறகோ வண்டியை உயர்த்திய பிறகோ அதிர்வு வந்திருந்தால் கோணத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒற்றை ஷாஃப்ட் வண்டியில் கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள கோணம், ஷாஃப்டுக்கும் ஹவுசிங்கில் அது சேரும் பற்சக்கரமான பினியனுக்கும் உள்ள கோணம், இரண்டும் 3 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்கு மேல் வேறுபடாமல் இருந்தால் நல்லது. வித்தியாசம் இருந்தால் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். ஷாஃப்டே நசுங்கியிருந்தால் வீட்டில் மெனக்கெடாமல் பேலன்ஸ் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.