டிவோர்ஸ் முடிஞ்சிடுச்சு, அடுத்து என்ன பண்றது? கடலூர், பாண்டி பக்கம் இருக்கறவங்களுக்கு

தீர்ப்பு வந்த அன்னிக்கே மனசு லேசாயிடும்னு நினைச்சிருப்பீங்க, ஆகாது. கேஸ் நடக்கறவரைக்கும் வக்கீல், வாய்தான்னு ஒரு ஓட்டத்துலயே இருப்போம், அது நின்னதும்தான் மொத்த அசதியும் வந்து உக்காரும். அதனால "ஏன் இன்னும் சரியாகல"ன்னு உங்களை நீங்களே நச்சரிச்சுக்காதீங்க.

முதல்ல பேப்பர் வேலை. மனசு ஆறறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, இத முடிக்காம விட்டா போற எடத்துலல்லாம் பழைய பேர் எதிர்ல வந்து நிக்கும். தீர்ப்போட சர்டிஃபைடு காப்பி ரெண்டு மூணு வாங்கி வச்சுக்கோங்க. பிஎஃப், எல்ஐசி, பேங்க் எல்லாத்துலயும் நாமினி யாருன்னு பாருங்க, டிவோர்ஸ் ஆனா அது தானா மாறிடாது, நாமதான் எழுதிக் குடுத்து மாத்தணும். அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார் அட்ரஸ். ஜீவனாம்சம் ஒழுங்கா வரலன்னா சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, 1987 சட்டப்படி பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் வக்கீல் இலவசம், 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

கஷ்டமான நேரம்னா சாயங்காலம்தான். வேலை முடிஞ்சு வந்து விளக்கு போட்டா வீடு வெறிச்சுன்னு இருக்கும், கை தானா போன எடுக்கும், அவங்க ஸ்டேட்டஸ் பாக்கும், லாஸ்ட் சீன் பாக்கும், அப்புறம் ராத்திரி தூக்கம் போச்சு. புள்ளைங்க விஷயம் பேச வேண்டி இருந்தா மியூட், இல்லன்னா பிளாக், இதுல யோசிக்கவே வேணாம். அந்த நேரத்துல வெளிய நடங்க. சில்வர் பீச்சுக்குன்னா வார நாள்ல போங்க, ஞாயித்துக்கிழமை குடும்பம் குடும்பமா வந்திருப்பாங்க, ஆரம்பத்துல அது தாங்காது. பாண்டியில பீச் ரோட்டுல ஆறு மணிக்கு மேல வண்டி விடமாட்டாங்க, நிம்மதியா நடக்கலாம். ஆம்பளைங்களுக்கு ஒண்ணு: பாண்டி எல்லையில இருக்கற கன்னியக்கோவில் தாண்டினா சரக்கு வெல கம்மிங்கறதே நம்ம ஊருக்கு ஒரு சாபம், இந்த வருஷம் அந்தப் பக்கம் தனியா போகாதீங்க.

சாப்பாடு. ஒரு ஆளுக்கு என்னத்த சமைக்கறதுன்னு டீயும் பன்னுமா ஓட்டாதீங்க. முதுநகர் பக்கம் போய் கால் கிலோ சங்கரா மீன் வாங்கி, அவருக்கு ஆகாதுன்னு இத்தன வருஷம் மொளகா கொறச்சே வச்ச கொழம்ப உங்க நாக்குக்கு ஏத்த மாதிரி வச்சுப் பாருங்க. நமக்கு என்ன புடிக்கும்கறதே மறந்துபோயிருக்கும், அத ஒண்ணொண்ணா கண்டுபிடிக்கறதத்தான் நான் வளர்ச்சின்னு சொல்வேன், பெரிய பெரிய கோர்ஸ்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

சொந்தக்காரங்க கேக்காம விடமாட்டாங்க. ஒரே வரி ரெடி பண்ணி வச்சுக்கோங்க: "ஒத்து வரல பெரியம்மா, பேசி முடிச்சிட்டோம். உங்க முட்டி வலி எப்படி இருக்கு?" அவ்ளோதான், அடுத்த பத்து நிமிஷம் முட்டி பத்திதான் பேச்சு. திருநள்ளாறு போய் நள தீர்த்தத்துல முழுகிட்டு வான்னு ஒருத்தர் சொல்வாரு. நம்பிக்கை இருந்தா தாராளமா போங்க, ஆனா உங்க ஜாதகத்தாலதான் எல்லாம் நடந்துச்சுன்னு யாராவது சொன்னா அத மட்டும் தலையில ஏத்திக்காதீங்க. முகூர்த்த நாள்ல திருவந்திபுரம் கோயில்ல வரிசையா கல்யாணம் நடக்கும், பத்திரிக்கையும் வரும். முடியலன்னா மொய்ய யார்கிட்டயாவது குடுத்தனுப்பிட்டு வீட்ல இருங்க, தப்பே இல்ல.

கொழந்தைய தூது அனுப்பாதீங்க. அப்பா வீட்டுக்குப் போய்ட்டு வந்ததும் "அங்க யார் இருந்தா, என்ன சொன்னாங்க"ன்னு தோண்டவேணாம், சாப்டியா, தூங்குனியா, போதும்.

ரெண்டு வாரமா தூக்கம் இல்ல, சாப்பாடு எறங்கல, செத்துடலாமான்னு தோணுதுன்னா நடை, கொழம்புலாம் பத்தாது. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. நேர்ல பாக்கணும்னா பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. வெக்கப்படாம போங்க, சுகருக்குப் போறோம்ல.

மறுமணப் பேச்ச வீட்ல சீக்கிரமே எடுப்பாங்க. இந்து திருமணச் சட்டத்துல அப்பீலுக்கு 90 நாள் டைம் இருக்கு, அது முடியற வரைக்கும் எதுக்கும் தலையாட்டாதீங்க, வக்கீல்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. அதுக்கப்புறமும் உங்களுக்கா தோணினாதான். வரன் வந்தா முதல் சந்திப்புலயே தீர்ப்பு காப்பிய காட்டிடுங்க, அவங்களுக்கும் டிவோர்ஸ்னா அவங்க காப்பியயும் கேட்டு வாங்கிப் படிங்க.