பழைய ஃபாக்ஸ்ப்ரோ கணக்கை எடுத்து வைக்கும்போது ‘அழித்த’ வரிகளை விட்டுவிடாதீர்கள்

முக்கூடலில் ஒரு பீடிக் கம்பெனியின் பழைய சம்பளக் கணக்கைப் பத்திரப்படுத்தும் வேலை எனக்கு வந்தது. 1990களில் டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதியது; கணக்குகளைப் பட்டியலாகச் சேர்த்து வைக்கும் பழைய டேட்டாபேஸ் மென்பொருள் அது. “இனி இது யாருக்கு வேணும்?” என்று கேட்டார்கள். பீடி சுற்றிய அக்காமாருக்கு வேணும். 1995ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்தில் மாதப் பென்ஷன் கிடைக்க 10 வருட சர்வீஸ் வேண்டும். சேர்ந்த தேதியில் தகராறு வந்தால் இந்தப் பதிவுதான் அவர்களுக்குச் சாட்சி.

முதலில், பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்து வேலை பார்க்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது உள்ளது உள்ளபடி ஒரே ஃபைலாக நகல் எடுங்கள். மற்ற வேலையெல்லாம் அந்த நகலில்தான். பதிவுகள் இருக்கும் டிபிஎஃப் (.dbf) ஃபைல் மட்டும் போதாது. நீளமான குறிப்புகள் எஃப்பிடி (.fpt) ஃபைலில் இருக்கும், அதுவும் வேண்டும். புரோகிராமையும் சேர்த்து வையுங்கள். 64 பிட் விண்டோஸில் அது ஓடாது, பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓடும்.

இனிதான் கவனம் தேவை. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு வரியை, அதாவது ஒரு பதிவை, டிலீட் செய்தால் அது போய்விடாது. வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ‘பேக்’ (PACK) கட்டளை கொடுத்தால்தான் உண்மையில் போகும். வேலையை விட்டு நின்றவர்களை எல்லாம் கிளார்க் டிலீட் செய்திருப்பார். நாளைக்குப் பென்ஷன் கேட்டு வரப்போகிறவர்களே அவர்கள்தான்! ஆரம்ப காலத்தில் அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலைக் கணக்கில், இடம் மிச்சமாகட்டும் என்று பேக் கொடுத்துவிட்டேன். வேறு நகல் இல்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

ஃபாக்ஸ்ப்ரோவில் ‘செட் டெலீட்டட் ஆஃப்’ (SET DELETED OFF) கொடுத்தால் அந்த வரிகள் தெரியும். லிப்ரே ஆபீஸின் டேட்டாபேஸ் மென்பொருளான பேஸிலும் அழித்தவற்றைக் காட்டும் அமைப்பு உண்டு. எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி (CSV) ஃபைலாக மாற்றும்போது ‘நீக்கப்பட்டது’ என்று தனி நெடுவரிசை ஒன்று சேருங்கள்.

பெயர்களைத் திருத்தாதீர்கள். இசக்கியம்மாள் என்ற பெயரே ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக இருக்கும். கல்யாணம் ஆனதும் அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்திருக்கும். திருத்தம் வேண்டுமென்றால் பக்கத்தில் புது நெடுவரிசையில் போடுங்கள். வருடம் இரண்டு இலக்கமாக இருந்தால் 99க்குப் பின் 00 வருவதையும் பாருங்கள்; அது 2000, 1900 அல்ல.

சரி பார்க்க ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து, அச்சடித்த சம்பளப் பட்டியலின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். வரிகளின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். அப்புறம் ஃபைலின் எஸ்ஹெச்ஏ-256 (SHA-256) எண்ணை எடுத்துக் காகிதத்தில் குறித்து வையுங்கள்; ஃபைலின் கைரேகை மாதிரி அது, ஃபைல் கொஞ்சம் மாறினாலும் எண் மாறிவிடும். நகல்கள் ஒரே கட்டடத்தில் வேண்டாம். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் வரை வந்ததை மறந்துவிட முடியுமா?

அந்தக் கணக்கை எழுதிய கணக்கப்பிள்ளையையும் போய்ப் பாருங்கள். முக்கூடல் கணக்கில் ‘நிலை 4’ என்று பல பெண்களுக்கு இருந்தது. நின்றுவிட்டவர்கள் என்றுதான் நான் நினைத்தேன். பாப்பாக்குடியில் இருக்கும் அந்தக் கணக்கப்பிள்ளைப் பெரியவரிடம் கேட்டபோது, “அது பிரசவ லீவு தம்பி, மூணு மாசத்துல திரும்பி வந்துட்டாங்க” என்றார். அவர் சொன்ன எல்லாக் குறியீடுகளையும் டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி டேட்டாவோடு வைத்தேன், ஒரு பிரிண்ட்டும் எடுத்தேன்.