கொலையே இல்லாமல் ஒரு த்ரில்லர்: முதல் குறும்படம் எடுப்பவர்களுக்குச் செய்முறை விளக்கம்

கையில் போனை வைத்துக்கொண்டு குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் த்ரில்லரில்தான் கை வைக்கிறார்கள். ஒரு வீடு, நாலு ஆள், பாட்டுச் செலவு கிடையாது என்பது கணக்கு. அது தப்பில்லை. எஸ். பாலசந்தர் 1954லேயே ஒரு பாட்டுகூட இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். ஆனால் இப்போது வருகிற குறும்படங்களில் முகமூடி இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, சரியான நேரத்தில் கரண்ட் போகிறது, இருட்டில் பூனை குதிக்கிறது. பதற்றம் மட்டும் வருவதில்லை.

அதனால் இந்தப் பதிவில் கொலை கிடையாது. சித்திரைத் திருவிழா நேரத்து மதுரையில் ஒரு சின்னக் கதையை எடுத்து, ஏழெட்டு நிமிடப் படமாகப் படிப்படியாகக் கட்டிப் பார்ப்போம்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

நம் கதை இது. முருகேசன், செல்வி தம்பதிக்கு வீடு செல்லூரில். பாலிஷ் போட்டு வருவதாகச் சொல்லி மனைவியின் ஐந்து பவுன் தாலிச் செயினை வாங்கிப்போன முருகேசன், அதை அடகு வைத்துவிட்டான். அதே டிசைனில் கவரிங் செயின் வாங்கிக் கொடுத்திருக்கிறான். செல்விக்கு அது தெரியாது. இன்று மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் மதுரைப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். அந்தச் சமயத்தில் செயினின் கொக்கியைச் சரிபார்த்துத் தரச் சொல்லி அண்ணனிடம் கொடுக்கப் போகிறாள் செல்வி. அண்ணன் நகை ஆசாரி.

கேள்வி: செயின் ஆசாரி கைக்குப் போவதற்குள் முருகேசன் அசல் செயினோடு வீட்டுக்கு வந்து மாற்றிவிடுவானா?

ஒரு வரியில் இப்படிக் கேட்க முடியாவிட்டால் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். “இவன் யார், ஏன் இப்படி நடந்துகொள்கிறான்” என்பதெல்லாம் பார்ப்பவருக்கு ஆர்வத்தைத் தரும், பதற்றத்தைத் தராது.

படி 2: பார்ப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்

புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ரகசியத்தைக் கடைசிவரை மூடி வைத்தால்தான் த்ரில்லர் என்று நினைக்கிறார்கள்.

த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பல நாள் உட்கார்ந்து பேசியபோது இதற்கு ஓர் உதாரணம் சொன்னார். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. நமக்குக் கிடைப்பது பதினைந்து நொடி அதிர்ச்சி. அதே காட்சியில் குண்டு இருப்பதும், அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும், இப்போது மணி பன்னிரண்டே முக்கால் என்பதும் நமக்குத் தெரிந்திருந்தால்? அதே சும்மாப் பேச்சுதான், ஆனால் பதினைந்து நிமிடமும் நாம் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருப்போம்: “பேசினது போதும், எந்திரிங்கய்யா!”

‘அந்த நாள்’ வேறு வகை. கொலை முதலிலேயே நடந்துவிடும். செய்தது யார் என்று விசாரிப்பவரோடு சேர்ந்து நாமும் தேடுவோம். அது மர்மம். அருமையான வகைதான், ஆனால் பல கதாபாத்திரங்களையும் சிக்கலான திரைக்கதையையும் தாங்க வேண்டும். முதல் படத்துக்குப் பதற்றமே கைக்கு அடக்கமானது என்பது என் அபிப்பிராயம்.

சரி, செயின் கவரிங் என்று பார்ப்பவருக்கு எப்படிச் சொல்வது? வசனத்தில் சொல்லாதீர்கள். நண்பனுக்குப் போன் போட்டு “மச்சி, நான் செயினை அடகு வச்சிட்டேன்டா” என்று புலம்புகிற காட்சி வேண்டவே வேண்டாம். மூன்று ஷாட் போதும்.

முதல் ஷாட், செல்வியின் கழுத்து, குளோசப். சித்திரை வெயில், அடுப்படி வேர்வை. செயின் உரசுகிற இடத்தில் லேசாகப் பச்சை படிந்திருக்கிறது. அவள் முந்தானையால் துடைக்கிறாள், கவனிக்கவில்லை. இரண்டாவது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் முருகேசன் அந்தக் கழுத்தைப் பார்க்கிறான். மூன்றாவது, அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் அடகுச் சீட்டு; விரலால் உள்ளே தள்ளுகிறான்.

கழுத்து, முகம், சீட்டு என்ற இந்த வரிசைதான் கதை சொல்கிறது. நடிகர் முகத்தில் பெரிதாக எதையும் காட்ட வேண்டியதில்லை. வெறுமனே பார்த்தாலே போதும், பயத்தைப் பார்ப்பவர் தானே சேர்த்துக்கொள்வார். கவரிங் பச்சை விடும் என்பது நம்மூர் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேக்கப்புக்குப் பச்சைக் கண்மை கொஞ்சம் தொட்டுத் தேய்த்தாலே வேலை முடிந்தது.

படி 3: கடிகாரத்தைக் காதில் வையுங்கள்

பதற்றத்துக்குக் கெடு வேண்டும். சுவர்க் கடிகாரத்தை ஐந்து தடவை காட்டுவது பழைய வழி. நமக்கு அதைவிட நல்லது கிடைத்திருக்கிறது: செல்வி வீட்டு டிவியில் திருக்கல்யாண நேரலை. வர்ணனையாளர் ஒவ்வொரு சடங்காகச் சொல்லிக்கொண்டே வருவார். கெட்டிமேளம் கேட்டால் நேரம் முடிந்தது. மதுரையில் படம் பார்ப்பவர் யாருக்கும் இதை விளக்க வேண்டாம்.

அந்தச் சத்தத்தை எல்லா இடத்திலும் தொடர விடுங்கள். முருகேசன் தெருவில் ஓடும்போது டீக்கடை டிவியில், யாரோ ஒருவர் போனில், கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். ஊரே அவனுக்கு மணி சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. நிஜ நேரலையை அப்படியே பதிவு செய்து போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வரும். குரல் நன்றாக இருக்கும் நண்பரை வர்ணனை பேச வையுங்கள். தெரிந்த நாதசுர, தவில் கலைஞர் யாராவது இருந்தால் ஒரு கெட்டிமேளத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

படி 4: தடைகளை ஊரிலிருந்தே எடுங்கள்

அடகுக் கடை தெற்கு ஆவணி மூல வீதியில். தெரிந்த ஆள் என்பதால் கடைக்காரர் காலையிலேயே கதவைத் திறந்துவிட்டார். இனி முருகேசன் செல்லூர் போய்ச் சேர வேண்டும்.

வில்லன் யாரும் குறுக்கே வரக் கூடாது. அன்றைய நாளும் அந்த ஊருமே அவனைத் தடுக்க வேண்டும். முதல் தடை கடையிலேயே. நேற்றோடு மாதம் முடிந்துவிட்டது, ஒரு நாள் தாண்டினாலும் முழு மாத வட்டி. முந்நூறு ரூபாய் குறைகிறது. இரண்டாவது, போலீஸ் தடுப்பு. பைக்கை எங்கோ நிறுத்திவிட்டு நடந்துதான் வந்திருக்கிறான், திரும்பிப் போகவும் கூட்டத்தில் நீந்த வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சிம்மக்கல் பக்கம் ஒரு நீர்மோர் பந்தல். சொந்தக்காரப் பெரியவர் பார்த்துவிடுகிறார். “வாங்க மாப்ள, இந்த வேகாத வெயில்ல எங்க ஓடுறீங்க? ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போங்க.” கையைப் பிடித்துவிட்டார். மறுக்க முடியாது. மோர் சூடாகவா இருக்கிறது, ஊதிக் குடிக்க? ஆனால் அந்த ஒரு டம்ளர் தீர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எடிட்டிங்கில் நீங்கள் தீர்மானிக்கலாம். கெட்டவன் தடுப்பதைவிட நல்லவர் அன்பாகத் தடுக்கும்போது பார்ப்பவருக்கு இருப்புக் கொள்ளாது.

ஒவ்வொரு தடைக்கும் நடுவே வீட்டுக்கு வெட்டுங்கள். அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டார். அவர் பையைத் திறக்கிறார். செல்வி புது மஞ்சள் கயிற்றைத் தட்டில் எடுத்து வைக்கிறாள். தெருவில் ஓட்டம், வீட்டில் நிதானம். வீட்டுக் காட்சிகள் எவ்வளவு நிதானமோ அவ்வளவு நல்லது.

படி 5: ஷாட்டும் சத்தமும்

எது முக்கியமோ அது திரையில் பெரிதாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். செயின், அண்ணனின் உள்ளங்கை, மோர் டம்ளர் மூன்றுக்கும் குளோசப் எடுத்துவிடுங்கள்.

பயத்துக்குரியதைத் தாமதமாகக் காட்டுங்கள். 1975இல் வெளியான ‘ஜாஸ்’ என்ற சுறாப் படத்தை ஸ்பீல்பெர்க் எடுத்தபோது இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்தது. அதனால் சுறாவைக் காட்டாமலே பல காட்சிகளை எடுக்க வேண்டியதாயிற்று, படத்துக்கு அதுவே பலமானது. நம் படத்தில் அண்ணன் முகத்தை உடனே காட்டாதீர்கள். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், “என்ன செல்வி, மாப்ளய எங்க காணோம்?” என்ற குரல்.

பின்னணி இசையை நான் கடைசியில்தான் சேர்ப்பேன், முடிந்தால் சேர்க்கவே மாட்டேன். இலவச நூலகங்களில் கிடைக்கும் அந்த ‘டம்... டம்...’ பிஜிஎம் எல்லாக் குறும்படத்திலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது.

திருவிழாக் கூட்டத்தை நிஜமாகவே எடுக்கலாம். முருகேசனாக நடிப்பவரை அதே சட்டையோடு கூட்டத்தில் நடக்கவிட்டு, பத்தடி பின்னால் போனோடு போங்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, அதனால் வீதிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக் காட்சிகளை வேறொரு நாள் சாவகாசமாக எடுக்கலாம்.

படி 6: குண்டை என்ன செய்வது

1936இல் ஹிட்ச்காக் எடுத்த ‘சபோட்டாஜ்’ படத்தில் ஒரு சிறுவன் உள்ளே குண்டு இருப்பது தெரியாமல் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு லண்டன் தெருக்களில் போவான். பற்பசை விற்பவன் பிடித்து நிறுத்துவான், ஊர்வலம் மறிக்கும். கடைசியில் பஸ்ஸில் குண்டு வெடித்துப் பையன் செத்துப்போவான். அவ்வளவு பதற வைத்துவிட்டு அந்தப் பையனைக் கொன்றது தப்பு என்று ஹிட்ச்காக்கே பிறகு சொன்னார். பார்ப்பவருக்கு ஒரு பெருமூச்சாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அதற்காக முருகேசன் கடைசி நொடியில் வந்து செயினை மாற்றிவிட்டால் சப்பென்று போய்விடும். நான் இப்படி முடிப்பேன். கெட்டிமேளம் முழங்குகிறது. முருகேசன் மூச்சு வாங்க வாசலில் நிற்கிறான். செயின் ஏற்கெனவே அண்ணன் உள்ளங்கையில். ஆசாரிக்கு உரைகல் எதற்கு? எடை கையிலேயே தெரிந்துவிடும். ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார். மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்கிறார். மேளம் நிற்கும்வரை யாரும் பேசுவதில்லை. அப்புறம் கையை மூடிக்கொண்டு தங்கையிடம் சொல்கிறார்: “கொக்கி தேஞ்சு போச்சு தாயி. நான் பட்டறைக்குக் கொண்டுபோய் சரிபண்ணி, மாப்ளகிட்டயே கொடுத்து விடுறேன்.”

குண்டு வெடிக்கவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது.

படி 7: படத்தைப் பார்க்காதீர்கள், பார்ப்பவரைப் பாருங்கள்

எடிட் முடித்ததும், கதை தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு எதிரே உட்காருங்கள். பச்சைக் கழுத்து ஷாட்டில் புருவம் அசையாவிட்டால் அந்த ஷாட்டை இரண்டு நொடி நீட்டுங்கள். அது புரியாமல் மற்றது எதுவும் புரியாது. மோர்ப் பந்தலில் அவர் “அய்யோ” என்றால் சரி. அங்கே வேறு வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்கப் போனால், அதற்கு முந்தைய வீட்டுக் காட்சியைக் குறைத்துவிட்டு வேறொரு ஆளைப் பிடியுங்கள். முதலில் பார்த்தவருக்குத்தான் கதை தெரிந்துவிட்டதே.