பனியைக் குறை சொல்லும் முன்: டேப் பேக்கப் ஸ்கிரிப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் எந்தக் கருவி மக்கர் செய்தாலும் முதலில் மாட்டிக்கொள்வது மூடுபனிதான். பிரிண்டர் பேப்பரை மென்றால் ஈரம், யுபிஎஸ் கத்தினால் ஈரம். சர்வரின் தரவைக் காந்த நாடாவில் நகலெடுத்துவைக்கும் டேப் டிரைவ் நின்றுபோனால் கேட்கவே வேண்டாம். குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட் அலுவலகத்தின் சர்வரை நான் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தபோது, அங்கிருந்த கணக்கர் முதல் நாளே எச்சரித்தார்: "தம்பி, மாசத்துல ரெண்டு நாள் டிரைவ் படுத்துக்கும். அப்புறம் தானா எழுந்துக்கும். எல்லாம் இந்த மிஸ்ட் பண்ற வேலை."

பேக்கப்பின் பதிவேடான லாக்கைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி, மாதத்தில் இரண்டே நாள். ஆனால் எந்த மாதத்தைப் பார்த்தாலும் அந்த இரண்டு நாள் 8, 9 ஆகவே இருந்தது. மூடுபனி நாட்காட்டி பார்த்து இறங்காது.

அங்கே இருந்தது எட்டு ஸ்லாட் உள்ள சிறிய ஆட்டோலோடர், அதாவது டேப்புகளைத் தானே மாற்றிப் போடும் பெட்டி. ஒன்று முதல் ஏழு வரை எல்டிஓ-5 என்ற வகை டேப்புகள், எட்டாவதில் டிரைவைத் துடைக்கும் கிளீனிங் டேப். பேக்கப்பை ஓட்டும் கட்டளைத் தொகுப்பான ஸ்கிரிப்ட், அன்றைய தேதியை 7ஆல் வகுத்து, மீதியோடு 1 கூட்டி, வந்த எண்ணுள்ள ஸ்லாட்டிலிருந்து டேப்பை எடுக்கும். பார்த்தால் குறையே தெரியாத கணக்கு. ஆனால் டேட் கட்டளை எட்டாம் தேதியை '08' என்றுதான் தருகிறது. முன்னால் பூஜ்யம் வந்தால், கட்டளைகளை இயக்கும் ஷெல் அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். 8, 9 கிடையாது. அதனால் 01 முதல் 07 வரை தொந்தரவில்லை. 10க்கு மேல் முன்பூஜ்யமே இல்லை, அதனால் அங்கேயும் தொந்தரவில்லை. இடையில் அந்த இரண்டு நாள் மட்டும் கணக்கு உடையும், ஸ்லாட் எண் காலியாக நிற்கும். பழைய டேப்பை அதற்கு முன்பே கழற்றியாகிவிட்டது, புதியது ஏறவில்லை. கோப்புகளை ஒன்றாகக் கட்டி டேப்பில் எழுதும் கட்டளை டார். காலி டிரைவில் எழுதப் போன அது, 'மீடியம் இல்லை' என்று புலம்பும். அந்தப் புலம்பலை லாக்கில் படித்தவர்கள் டிரைவைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பத்தாம் தேதி ஓடியதும், துடைத்ததால்தான் ஓடியது என்று நம்பியிருக்கிறார்கள்.

திருத்தம் நான்கு எழுத்துகூட இல்லை. பேஷ் ஷெல்லில், கணக்கிடும் இடத்தில் எண்ணுக்கு முன் '10#' என்று சேர்த்தால் பதின்மமாகவே எடுத்துக்கொள்ளும். தேதிக்குப் பதில் வார எண்ணை வைத்து டேப் மாற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு இதே கோளாறு ஆண்டுக்கு இரண்டே வாரம், பிப்ரவரி இறுதியை ஒட்டி வரும். போன ஆண்டு என்ன செய்து சரியானது என்று அடுத்த ஆண்டு யாருக்கு நினைவிருக்கும்?

சரி, இது இத்தனை நாள் தெரியாமல் போனது எப்படி? ஸ்கிரிப்டின் கடைசி வரி 'பேக்கப் முடிந்தது' என்று எழுதிவிட்டு வெளியேறும். மேலே என்ன நடந்தது என்று அது யாரையும் கேட்பதில்லை. நான் பார்த்த டேப் ஸ்கிரிப்டுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். டிரைவை இயக்கும் எம்டி, ஸ்லாட்டுக்கும் டிரைவுக்கும் இடையே டேப்பை மாற்றும் எம்டிஎக்ஸ், டார் என ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும், அது எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்ணான எக்ஸிட் கோடைப் பார்த்து, பூஜ்யம் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். டாரில் மட்டும் ஒரு சலுகை உண்டு: 1 வந்தால் படிக்கும்போது ஏதோ ஒரு கோப்பு மாறிவிட்டது என்று பொருள், பெரும்பாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். 2 வந்தால் நிஜமான கோளாறு.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப் போட்டிருந்தால் இன்னொரு குழி. டாரின் வெளியீட்டை, தரவைச் சேர்த்துவைத்துச் சீராக அனுப்பும் எம்பஃபர் வழியாக டேப்புக்கு அனுப்பினால், ஷெல் தருவது எம்பஃபரின் எக்ஸிட் கோடை மட்டும். டார் பாதியில் செத்தாலும் எம்பஃபர் தனக்கு வந்ததை எழுதிவிட்டு நிம்மதியாகப் பூஜ்யம் சொல்லும். ஸ்கிரிப்டின் தலையிலேயே, பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் காட்டிக்கொடுக்கும் பைப்ஃபெயில் என்ற விருப்பத்தைப் போட்டுவிடுங்கள். அதற்காக எம்பஃபரையே தூக்கிவிடாதீர்கள். தரவு மெதுவாக வந்தால் டிரைவ் நின்று, பின்னால் ஓடி, மறுபடி தொடங்கும். டேப்பும் அதைப் படித்து எழுதும் ஹெட்டும் தேயும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவில், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரானில் ஓடமாட்டேன் என்கிறது. இந்தப் புகார் வந்தால் முதலில் லாக்கில் 127 இருக்கிறதா என்று பார்ப்பேன். கட்டளையே கிடைக்கவில்லை என்று அதற்குப் பொருள். கிரானுக்குத் தெரிந்த பாதைகள் மிகக் குறைவு. எம்டிஎக்ஸ் போன்றவை எஸ்பின் அடைவில் இருக்கும், அங்கே அது தேடாது. முழுப் பாதையைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கிரானின் நேரப்பட்டியலான கிரான்டேப் வரியிலேயே சதவீதக் குறி இருந்தால் அதையும் கவனியுங்கள். முன்னால் பின்சாய்கோடு போடாவிட்டால் கிரான் அதைப் புது வரியாக்கிக் கட்டளையை வெட்டிவிடும்.

அப்புறம் எஸ்டி0, என்எஸ்டி0. ஒரே டிரைவுக்கு லினக்ஸ் தரும் இரண்டு பெயர்கள். எஸ்டி0 வழியாக எழுதினால், வேலை முடிந்து மூடும்போது டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். என்எஸ்டி0 அப்படியே நிற்கும். அதே எஸ்டேட்டில் முதலில் கணக்குத் தரவுத்தளம், அடுத்து கொழுந்து எடைப் பதிவுகள் என இரண்டு டார் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டும் எஸ்டி0இல். எடைப் பதிவுகள் தினமும் கணக்கின் மேலேயே எழுதப்பட்டு வந்தன. இரண்டு வேலையும் பூஜ்யத்தோடு முடிந்ததால் எக்ஸிட் கோடு பார்த்திருந்தாலும் இது சிக்கியிருக்காது. டேப்பைத் திரும்பப் படித்துப் பார்த்தால்தான் சிக்கும்.

மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கரன்ட் போவது இங்கே புதிதில்லை. சர்வர் மறுபடி எழும்போது ஆட்டோலோடருக்கு லினக்ஸ் தரும் எஸ்ஜி எண் மாறியிருக்கலாம். நேற்று எஸ்ஜி3 ஆக இருந்தது இன்று எஸ்ஜி4. டெவ் அடைவுக்குள் டேப், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தில் சீரியல் எண்ணோடு கூடிய மாறாத பெயர்கள் இருக்கின்றன. ஸ்கிரிப்டில் அவற்றையே எழுதுங்கள்.

எம்டிஎக்ஸ் தரும் நிலை அறிக்கையில், சொல்லைத் தேடும் கட்டளையான கிரெப் போடும்போதும் ஒரு வழுக்கல். 'ஸ்டோரேஜ் எலிமென்ட் 1' என்று தேடினால் ஸ்லாட் பெருகிய லைப்ரரியில் 10, 11, 12 எல்லாம் சேர்ந்து வரும். டிரைவில் முதல் ஸ்லாட் டேப் இருந்தால் அந்த வரியும் வரும். எண்ணுக்குப் பின்னால் உள்ள முக்காற்புள்ளியையும் சேர்த்துத் தேட வேண்டும். டேப்பை ஏற்றிய கையோடு எழுத ஆரம்பிப்பதும் தவறு. டேப் உள்ளே இழுபட்டுத் தயாராக நேரம் பிடிக்கும். 30 விநாடி தூங்கு என்று எழுதிவைத்தால் ஒருநாள் போதும், ஒருநாள் போதாது. எம்டி ஸ்டேட்டஸில் 'ஆன்லைன்' என்று வரும்வரை சுற்றிச் சுற்றிக் கேட்பதுதான் சரி.

பனிமேல் பழியே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில், இரவெல்லாம் ஜீப்பில் கிடந்த டேப்பைக் கொண்டுவந்து சூடான அறையில் நேரே டிரைவில் போட்டால், குளிர்ந்த டேப்பில் ஈரம் படியும். அறையில் ஒரு நாள் வைத்துவிட்டுப் போடுங்கள். அதை எந்த ஸ்கிரிப்டும் கண்டுபிடிக்காது.

கடைசியாக ஒன்று; இதில் நானே ஏமாந்தேன். வேகத்துக்காக டாரின் பிளாக் அளவை, அதாவது அது ஒரே மூச்சில் எழுதும் அளவை, 512 என்று வைத்தேன்; 512 பைட் கொண்ட 512 துண்டுகள், அதாவது 256 கேபி. ஆறு மாதம் கழித்துக் கோத்தகிரியில் இருந்த வேறொரு கணினியில் மீட்கப் பார்த்தால், 'நினைவகம் ஒதுக்க முடியவில்லை' என்று வந்தது. ராம் போதவில்லை என்று நினைத்து வாங்கியும் மாட்டினேன். வரவில்லை. டாரின் இயல்பு அளவு 10 கேபி. டேப்பில் உள்ள பிளாக் அதைவிடப் பெரிதாக இருந்தால் டிரைவை இயக்கும் மென்பொருளான டிரைவர் இந்தப் பிழையைத்தான் தரும். அதே 512ஐப் படிக்கும்போதும் கொடுத்ததும் கோப்புகள் வரிசையாக இறங்கின. இப்போது ஒவ்வொரு டேப் பெட்டியின் முதுகிலும் மார்க்கரில் 512 என்று எழுதியிருக்கிறேன். அந்த ராம் கணக்கரின் கணினியில் இருக்கிறது.