கீரிமலைக்குப் போறவைக்கு: முதல்லை கேணி, பிறகு கோயில்

வெளிநாட்டிலையிருந்து ஊருக்குப் போற ஆக்கள் கனபேர், யாழ்ப்பாணத்து வடக்குக் கடலோரத்திலை ஊற்றுக் கேணியும் சிவன் கோயிலும் இருக்கிற கீரிமலையை நல்லூருக்கும் நயினாதீவுக்கும் இடையிலை அரை மணித்தியாலம் வானை நிப்பாட்டிப் பாக்கிற இடமாத்தான் வச்சிருக்கினம், நானும் 2 தரம் அப்பிடித்தான் போனன், மத்தியான வெயிலிலை இறங்கி 4 படம் எடுத்துப்போட்டு ஏறினதுதான். மூண்டாந்தரம் அம்மான்ரை அஸ்தியோடை போனன். அண்டைக்குத்தான் அந்த ஊர் எனக்குத் தெரிஞ்சது. அதாலை சொல்லுறன், கீரிமலைக்கு ஒரு முழுக் காலமையை ஒதுக்குங்கோ, அதுவும் விடிய வெள்ளன.

யாழ்ப்பாணம் ரவுணிலையிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர். காங்கேசன்துறை வீதியாலை சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை தாண்டி மாவிட்டபுரத்திலை இடப்பக்கம் திரும்ப வேணும். பஸ் இருக்கு, காங்கேசன்துறை வரைக்கும் ரெயினும் ஓடுது, அங்கையிருந்து ஓட்டோ பிடிக்கலாம். வயசான ஆக்களோடை போறதெண்டால் ஓட்டோவோ வானோ முதல் நாளே பேசி வையுங்கோ, ஆனால் "காத்து நிக்க வேணும், அவசரப்படுத்தக்கூடாது" எண்டு முதல்லையே சொல்லிப்போடுங்கோ, எங்களோடை வந்தவர் 10 நிமிசத்துக்கு ஒருக்கா ஹோர்ண் அடிச்சு அம்மாவுக்குச் செய்யிற கிரியையிலையே மனம் நிக்காமப் பண்ணிப்போட்டார்.

இப்ப கதைக்கு வருவம், ஏனெண்டால் கதை தெரியாமப் போனால் அங்கை 2 கேணியும் ஒரு கோயிலும்தான் தெரியும். நகுல முனிவருக்குக் கீரி முகம், இந்த ஊற்றிலை நெடுகத் தீர்த்தமாடி முகம் மாறினதாலைதான் கீரிமலை, நகுலம் எண்டால் கீரி. பிறகு சோழ ராசகுமாரி மாருதப்புரவீகவல்லி. குன்மநோய் எண்ட வயித்து வருத்தமும் குதிரை முகமும் அவவுக்கு, எந்த வைத்தியத்துக்கும் மாறேல்லை, ஒரு முனிவர் சொல்லித்தான் கடல் தாண்டி வந்து இஞ்சை முழுகினவ, நோயும் போச்சு குதிரை முகமும் போச்சு. மா எண்டால் குதிரை, குதிரை முகம் விட்ட ஊர் மாவிட்டபுரம். நேந்துகொண்டபடி அவ அங்கை முருகனுக்குக் கோயில் எழுப்ப, தகப்பன் சோழநாட்டிலையிருந்து அனுப்பின காங்கேயன் சிலை வந்திறங்கின துறைதான் காங்கேசன்துறை எண்டு சொல்லுவினம். 3 ஊர்ப் பேர் ஒரே கதைக்குள்ளை! இதை 1736 அளவிலை மயில்வாகனப் புலவர் எழுதின யாழ்ப்பாண வைபவமாலையிலையும் காணலாம், ஆனால் உங்கடை பெரியம்மா, மாமி ஆரும் இருந்தால் அவையைக் கொண்டு வழியிலை சொல்ல வையுங்கோ, பிள்ளையள் அப்பதான் காது குடுக்குங்கள்.

அதாலைதான் என்ரை கணக்கிலை ராசகுமாரி போன ஒழுங்கிலையே போறது நல்லம். முதல்லை கேணி, பிறகு நகுலேஸ்வரம் சிவன் கோயில், கடைசியா மாவிட்டபுரம் முருகன் கோயில்.

கேணி ஆம்பிளையளுக்கு ஒண்டு, பொம்பிளையளுக்குச் சுவர் கட்டி மறைச்சு ஒண்டு. ஆம்பிளையளின்ரை கேணிக் கட்டிலை ஏறி நிண்டு பாருங்கோ. ஒரு பக்கம் கடல் கல்லிலை அடிச்சு உப்புத்தூறல் முகத்திலை தெறிக்கும், மற்றப் பக்கம் அடித்தளம் தெரியிற பச்சைத் தண்ணி, கையிலை அள்ளி வாயிலை வச்சால் நல்லதண்ணி மாதிரியே இருக்கும். கீரிமலை இருக்கிற வலிகாமப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல், மழைத்தண்ணி அந்தக் கல்லு வெடிப்புகளுக்குள்ளாலை இறங்கி நிலத்துக்குக் கீழை ஓடிக் கடலோரத்திலை இப்பிடி ஊற்றாக் கிளம்புது, விஞ்ஞானம் இதுதான், எண்டாலும் கடலுக்குப் பக்கத்திலை அந்தக் குளிர்ந்த தண்ணிக்குள்ளை முதல் முழுக்குப் போடேக்கை ராசகுமாரியின்ரை கதையை நம்பத்தான் மனம் வரும்.

சாரமும் துவாயும் மாத்துடுப்பும், ஈர உடுப்புக்கு ஒரு பையும் கொண்டு போங்கோ. பொம்பிளையள் சுடிதாரோடை இறங்கினால் வசதி. சோப்பு, ஷாம்பு கேணிக்குள்ளை வேண்டாம். படியிலை பாசி பிடிச்சிருக்கும், வயசான ஆக்களைக் கையிலை பிடிச்சு இறக்குங்கோ, நீந்தத் தெரியாத பிள்ளையளைப் படியோடையே வச்சிருங்கோ.

அஸ்தி கரைக்கப் போறவைக்குக் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும். வெளிநாட்டிலையிருந்து கொண்டு போறதெண்டால் மரணச் சான்றிதழ், தகனம் செய்த சான்றிதழ் ரெண்டின்ரையும் மூலப்பிரதி கையிலை இருக்கட்டும், ரிக்கற் போடேக்கையே எயர்லைனிட்டைக் கேளுங்கோ, உலோகச் செம்பிலை வைக்காமல் ஸ்கானருக்குள்ளை தெரியக்கூடிய மரப்பெட்டி மாதிரி ஒண்டிலை வச்சுக் கைப்பையோடை கொண்டு போங்கோ. கிரியைக்கு ஐயரைச் சொந்தக்காரரைக் கொண்டு முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கோ. கிரியை தொடங்கேக்கை சொல்லுற சங்கற்பத்திலை ஐயர் பேர்கள் கேப்பார். தகப்பன், அப்பப்பா, பூட்டன் எண்டு 3 தலைமுறை, தாய் வழியும். எனக்கு அப்பப்பான்ரை தகப்பன்ரை பேர் வாயிலை வரேல்லை, எள்ளும் தர்ப்பையும் கையிலை வச்சுக்கொண்டு அப்பிடியே இருந்தன், பின்னாலை நிண்ட மாமிதான் சொன்னவ. போக முதல் உங்கடை வீட்டுப் பெரியாக்களிட்டைக் கேட்டு ஒரு தாளிலை எழுதிக் கொண்டு போங்கோ.

ஆடி அமாவாசை தகப்பனை நினைக்கிற நாள், சித்திரா பௌர்ணமி தாயை. ஆடி அமாவாசை யூலை, ஓகஸ்ட் எண்டு பள்ளிக்கூட விடுமுறையோடை வரும், மாவிட்டபுரம் கந்தன்ரை 25 நாள் திருவிழாவின்ரை தீர்த்தமும் அண்டைக்குக் கீரிமலையிலைதான், சனம் நிறைஞ்சு வழியும். பாக்க ஆசையெண்டால் அண்டைக்குப் போங்கோ, ஆறுதலாக் கிரியை செய்யவெண்டால் வேறை நாள் பாருங்கோ.

கேணியாலை ஏறி நகுலேஸ்வரம். பஞ்ச ஈச்சரங்கள் எண்டு சொல்லுற இலங்கையின்ரை 5 பழைய சிவன் கோயில்களிலை ஒண்டு. யாழ்ப்பாண அரசு இருந்த காலத்திலை பெருங்கோயிலா இருந்ததை, 1619 இலை அரசு விழுந்த பிறகு போர்த்துக்கேயர் இடிச்சுப்போட்டினம். 200 வருசத்துக்கு மேலை ஒண்டும் இல்லாமக் கிடந்து, ஆறுமுக நாவலர் குரல் குடுத்துத்தான் 1890களிலை திரும்பக் கட்டினது. 1990 இலை போரிலை குண்டு விழுந்து உடைஞ்சுது, வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து கனகாலம் இராணுவத்தின்ரை உயர் பாதுகாப்பு வலயமாக் கிடந்தது, 2012 இலை கும்பாபிஷேகம் நடந்தது. போற வழியிலை கூரையில்லாத வீட்டுச் சுவருக்குள்ளாலை மரம் முளைச்சு நிக்கிறதைக் காணுவியள், அது ஆரோ வாழ்ந்த வீடு, படம் எடுக்க முதல் ஒருக்கா யோசியுங்கோ. இராணுவ முகாம் பக்கம் கமராவை நீட்டவே வேண்டாம், அனுமதி இல்லாமல் ட்ரோனும் விடேலாது.

கோயிலுக்குள்ளை ஆம்பிளையள் மேலுடுப்பைக் கழட்ட வேணும், வேட்டி கட்டினால் நல்லம். மத்தியானம் நடை சாத்திப்போடுவினம், மாவிட்டபுரத்துக்கும் அதுக்கு முதல் போய்ச் சேருற மாதிரிப் பாருங்கோ.

பின்னேரம் நேரம் மிச்சம் இருந்தால் மாதகல் சம்பில்துறைக்குப் போங்கோ, அசோகச் சக்கரவர்த்தியின்ரை மகள் சங்கமித்தை, புத்தர் ஞானம் பெற்ற வெள்ளரச மரத்தின்ரை கிளையோடை வந்திறங்கின இடமெண்டு சொல்லுறது, பழைய காலத்து ஜம்புகோளத் துறைமுகம். நாங்கள் போகேக்கை அம்மான்ரை அஸ்தியைக் கரைச்ச அந்தக் கடல்தான் அங்கையும் வந்து அடிச்சுக்கொண்டு இருந்தது, ஒருத்தரும் கதைக்காமல் வெயில் தாழுமட்டும் கல்லிலை இருந்தம்.