பழைய மரச் செதுக்கல் பொம்மையை அடியிலிருந்து படிப்பது எப்படி

சுற்றுலாப் பயணிகளுக்கென்று செதுக்கிய கரடி, குதிரை, கிழவர் பொம்மை எதுவானாலும் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகத்தில் வண்ணமும் மெருகும் கண்ணை மறைத்துவிடும். அடிப்பாகத்தில் யாரும் அலங்காரம் செய்வதில்லை.

மரத்தை நெட்டுவாக்கில் நிறுத்திச் செதுக்கியிருந்தால் அடியில் வளைய ரேகைகள் தெரியும். அதே ரேகை பக்கவாட்டில் ஏறி உடல் முழுக்கத் தொடரும். தொடராமல் நின்றுபோனாலோ, சின்னக் காற்றுக்குமிழ் குழிகள் இருந்தாலோ, அது அச்சில் வார்த்த ரெசினாக இருக்கலாம்.

அப்புறம் அக்குள், காதுக்குப் பின்புறம், கால்களுக்கு நடுவே பாருங்கள். உப்புத்தாள் நுழையாத இந்த இடங்களில்தான் உளி பேசும். கை வெட்டு ஒவ்வொன்றும் ஆழத்தில் கொஞ்சம் மாறும். இயந்திரத் தடம் ஒரே இடைவெளியில் வரிவரியாக ஓடும். ஆனால் இயந்திரம் தொட்டதே என்று எதையும் ஒதுக்காதீர்கள். ஸ்வீடனின் நுஸ்னேஸ் கிராமத்து டாலா குதிரையை ரம்பத்தில் அறுத்து உருவம் எடுத்த பிறகுதான் கத்தியால் செதுக்குகிறார்கள்.

எனக்குப் பிடித்தது கரடிகள். சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஊர்க் கரடிகளை இன்றும் பலர் ஜெர்மனியின் ‘பிளாக் ஃபாரஸ்ட்’ வேலை என்றே விற்கிறார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மாதிரியைப் பார்த்துத்தான் ஜப்பானின் ஹொக்கைடோவில் யாகுமோ விவசாயிகள் 1924 வாக்கில் குளிர்கால வருமானத்துக்காகக் கரடி செதுக்கத் தொடங்கினார்கள். வாயில் சால்மன் மீனைக் கவ்விய கரடி கிடைத்தால் ஹொக்கைடோவை நினைத்துக்கொள்ளுங்கள். ரோமத்தை வரிவரியாகக் கீறியிருக்கிறார்களா, வெறும் பட்டை வெட்டாக, அதாவது உளி வெட்டிய தட்டை முகங்களாகவே விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டை வெட்டில் தவறை மறைக்க முடியாது. அதனால் எனக்கு அதன் மேல் மதிப்பு அதிகம்.

காலம் கணிக்க முத்திரை உதவும். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952க்குள் ஏற்றுமதியானது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். நட்சத்திரத் தலை திருகாணி இருந்தால் 1930களுக்கு முந்தையது என்ற பேச்சை நம்பாதீர்கள், திருகாணியைப் பின்னால் மாற்றியிருந்தால் ஒழிய. அழுக்கையும் சோதியுங்கள்: கை படும் முதுகும் மூக்கும் தேய்ந்து, பள்ளங்களில் அழுக்கு தங்கியிருப்பது இயல்பு. எல்லா இடத்திலும் ஒரே பழுப்பு என்றால் சாயம் பூசியிருக்கலாம்.

சின்ன ஓட்டைகள் இருந்தால் கறுப்புத் தாள்மேல் ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். புது மாவு கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். வண்ணம் பூசாத பொம்மையை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் 2 வாரம் வையுங்கள். எடுத்த பின் ஒரு நாள் பையைப் பிரிக்கக் கூடாது; பிரித்தால் மரத்தில் நீர் கோத்துக்கொள்ளும். வண்ணம் பூசியதைப் பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சுத்தம் செய்ய மென்மையான உலர்ந்த தூரிகை போதும். தண்ணீர் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக் கறுக்கும். அடியில் ஒட்டிய பழைய கடைச் சீட்டை அசிங்கமாக இருக்கிறதென்று உரித்துவிடாதீர்கள். எங்கே, எப்போது விற்றது என்பதற்கு அது மட்டுமே சாட்சியாக இருக்கலாம். நீங்கள் வாங்கிய விவரத்தைத் தனித் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள், பொம்மைமேல் பேனா படக்கூடாது.