படித்த பிள்ளை வீட்டாரோடு பேசும் முறை

குடும்பத்தில் இதற்கு முன் எவரும் பட்டம் பெற்றதில்லை என்பதற்கு வருவாய்த்துறை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழோடு கல்லூரிக்குப் போன பிள்ளை, படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும், வீட்டாரோடு பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துபோவதைக் காண்கிறது. காவிரிப் படுகையின் நெல் விவசாயக் குடும்பங்களை மனத்தில் கொண்டு, அந்தப் பேச்சை நீட்டிக்கும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

இந்த விலகல் முழுவதும் இழப்பு அன்று என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1953-இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று கொண்டுவந்த திட்டம் ‘குலக்கல்வி’ என்று எதிர்க்கப்பட்டதும், 1954-இல் காமராசர் முதல்வரானபின் கைவிடப்பட்டதும், அப்பன் தொழில்தான் மகனுக்கும் என்ற விதியை உடைக்கவே பள்ளி வேண்டும் என்ற எண்ணம் இங்கே எவ்வளவு வலுவாக இருந்தது என்பதைக் காட்டுகின்றன. ஆகவே குற்ற உணர்வோடு வயலில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

தீபாவளிக்குப் போனால் விருந்தாளியாகத்தான் நடத்துவார்கள். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவை நெல்லுக்கு நாற்றங்கால் தயாராகும்போதோ, தை மாதச் சம்பா அறுவடையின்போதோ போங்கள்; வேலையின் நடுவே பேச்சு தானாக வரும்.

“உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பரணில் கிடக்கும், நெல் அளக்கும் மரக்காலை எடுத்துவந்து இதற்கு எத்தனை படி என்று கேளுங்கள். அந்த அளவு ஊருக்கு ஊர் மாறியது என்பதால், உங்கள் ஊர்க் கணக்கு உங்கள் வீட்டில்தான் கிடைக்கும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று தாத்தா நிலத்தின் அளவை மனத்துக்குள் கணக்குப் போடும்போது, குறுக்கிட்டு ஏக்கரில் சொல்லாதீர்கள். ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

“ஒனக்கு எதுக்குத் தம்பி இதெல்லாம், நீ படிச்ச புள்ள” என்பார். அதில் பெருமையும் கூச்சமும் கலந்திருக்கும். “எனக்கு இது தெரியாது தாத்தா, சொல்லுங்க” என்ற பதில் பெரும்பாலும் பலிக்கும். பட்டம் வாங்கியவன் வாயிலிருந்து ‘தெரியாது’ என்பது வீட்டில் அரிதாகக் கேட்கும் சொல். (பட்டம் என்றால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது விதைக்கும் பருவம், ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது அவருடைய பாடத்திட்டம்.) குறிப்பேட்டில் ‘வெதநெல்லு’ என்று அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தினால் அடுத்த சொல் வராது. கைப்பேசிப் பதிவை, அனுமதி கேட்டு, இரண்டாம் நாளில் தொடங்கலாம்.

உங்கள் வேலையையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். “சொன்னால் புரியாது” என்ற ஒரு வரிதான் நான்காண்டுப் படிப்பைவிட அதிகம் பிரிக்கிறது என்பது என் எண்ணம். கூலி, கடன், மேஸ்திரி, கெடு ஆகியவற்றை அறிந்தவர்களுக்கு உங்கள் அலுவலகம் புரியாமல் போகாது.

மரபு என்று வருவதை எல்லாம் பின்பற்ற வேண்டியதில்லை. களத்தில் யார் எங்கே நின்றார்கள், யாருக்கு எவ்வளவு நெல் அளந்தார்கள் என்பதில் சாதி இருக்கிறது. அதையும் கேட்டு, அப்படியே எழுதி வையுங்கள். உங்கள் குடும்பம் நிலம் வைத்திருந்த குடும்பமானால், நாற்றுப் பறித்தவர்களும் நடவு நட்டவர்களும் வேறு தெருவில் இருப்பார்கள். அந்த வயலைப் பற்றிய அறிவில் பாதி அவர்களிடம் உள்ளது. அங்கேயும் போய்க் கேளுங்கள். உங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர்கள் நின்றுகொண்டிருந்தால், அவர்களும் உட்காரும்வரை குறிப்பேட்டைத் திறக்காதீர்கள்.